அடுப்புச் சுடரும் அயலூர்க் கிணறும்

(வாளையாரில் பூரணைநாட் கூட்டத்தில் நிகழ்த்திய அறவுரையின் எழுத்து வடிவம்)



சென்ற பூரணைநாளில் இவ்விடத்தே நாம் கூடியிருந்தபோது, யாவரும் பஞ்சசீலம் ஏற்று முடித்தபின், முதிய உபாசிகை ஒருவர் எழுந்து ஒரு வினா எழுப்பினார். "ஐயா, எங்கள் தெருவுக்கும் குழாய் வாயு வரப்போகிறது என்கிறார்கள். நாற்பது வருஷம் விறகுப் புகையில் வெந்தவள் நான்; அது வந்தால் எனக்கு நிம்மதிதான். ஆனால் தஞ்சாவூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்ட என் பேத்தி, 'பாட்டி, வாயுவுக்காகக் கிணறு போட்டால் எங்கள் குடிதண்ணீர்க் கிணறு கெட்டுப்போகும் என்று ஊரே பயப்படுகிறது' என்கிறாள். அந்த அடுப்பை நான் மூட்டினால் முதற் சீலத்துக்குக் குறைவு உண்டா?" என்று கேட்டார்.

நாம் உடனே, "அம்மா, வினை என்பது எண்ணத்தைப் பற்றி நிற்பது. பிறர்க்குத் தீங்கு எண்ணாமல் அடுப்பு மூட்டுவதில் குற்றமில்லை, அஞ்சவேண்டா" என்று விடையிறுத்தோம். அம்மையாரும் கைகூப்பி அமர்ந்தார். ஆனால் அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. நாம் கூறியது பொய்யன்று. எனினும் அது பாதி விடையே. கேட்டவரை ஆறுதற்படுத்தி அமரச் செய்வதற்கு அது போதுமாயிருந்தது. கேட்ட கேள்விக்கு அது போதாது. அவ்விடையின் குறையை நிறைவு செய்யவே இன்று உங்கள் முன் நிற்கின்றோம்.

வாளையார் வழியே செல்லும் வாயு

இவ்வூர் ஒரு வாயில். மேற்குத் தொடர்ச்சி மலை முப்பது கிலோமீட்டர் அளவிற்கு விலகி வழிவிடும் பாலக்காட்டுக் கணவாயில் அமைந்தது. சேரநாட்டுக் காற்று கொங்குநாட்டுக்குள் நுழைவது இவ்வழியே. இருப்புப் பாதையும் நெடுஞ்சாலையும் செல்வது இவ்வழியே. அரிசியும் மாடும் மரமும் கூலியாட்களும் கடந்து போவதை இவ்வூரார் தலைமுறை தலைமுறையாகக் கண்டு வந்திருக்கின்றனர். ஆனால் இப்போது கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருளும் நம் காலடியில் கடந்து செல்கின்றது.

கொச்சிக்கருகே புதுவைப்பில் 2013-இல் இயங்கத் தொடங்கிய முனையத்தில், கப்பலில் வந்த திரவ வாயு இறக்கப்படுகின்றது. இயற்கை வாயுவைச் சுழிக்குக் கீழ் 162 பாகை வரை குளிரச் செய்தால் அது நீர்போலாகி, ஏறத்தாழ அறுநூற்றில் ஒரு பங்கு இடத்தில் அடங்கும். மீண்டும் வாயுவாக்கப்பட்ட அது, கூற்றநாட்டை அடைந்து, அங்கிருந்து ஒரு கிளையாய் மங்களூர்ப் பக்கமும், மற்றொரு கிளையாய் வாளையார் வழியே கோயம்புத்தூர்ப் பக்கமும் செல்கின்றது. கொச்சி–மங்களூர்க் குழாய் 2021 ஜனவரி 5-ஆம் நாள் தொடங்கிவைக்கப்பட்டது.

இக்குழாய் எளிதில் வந்ததன்று. எல்லைக்கு அப்பால் கோயம்புத்தூர் முதல் கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்டங்களின் உழவர்கள், விளைநிலத்தின் ஊடே குழாய் வேண்டா, நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுசெல்லுங்கள் என்று 2013-இல் எழுந்தனர். தமிழக அரசும் அவ்வாறே கூறிற்று. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்று, 2016 பிப்ரவரி 2-ஆம் நாள் குழாய் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பாயிற்று. உழவர் வருந்தியதன் காரணத்தை அறிதல் வேண்டும். 1962-ஆம் ஆண்டின் சட்டப்படி நிலம் உழவனுடையதாகவே இருக்கும். பயன்படுத்தும் உரிமை மட்டும் எடுத்துக்கொள்ளப்படும். அந்த நிலத்துண்டில் அவன் வீடு கட்டலாகாது, மரம் நடலாகாது, குளமோ கிணறோ வெட்டலாகாது. இதற்குச் சட்டம் வகுத்த ஈடு நிலத்தின் சந்தை மதிப்பில் நூற்றுக்குப் பத்து. பெயரளவில் உடைமை, கிணறு வெட்டும் உரிமை மட்டும் இல்லை.

அன்பர்களே, கிணறு என்னும் இச்சொல்லை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய பேச்சு முழுவதும் அதனைச் சுற்றியே செல்லும்.

இருவகைக் கிணறுகள்

மாமன்னர் அசோகர் தம் இரண்டாம் பெரும்பாறைச் சாசனத்தில் தம் நாட்டைமட்டும் கூறவில்லை. சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் ஆகியோர் நாடுகளையும் பெயர் சொல்லிக் குறிக்கின்றார். இந்நாடுகளிலெல்லாம் மனிதர்க்கும் கால்நடைக்கும் மருத்துவம் ஏற்படுத்தியதையும், மருந்து மூலிகைகள் நட்டதையும், வழிகளில் கிணறு தோண்டி மரம் வைத்ததையும் அச்சாசனம் சொல்லுகின்றது. சேரநாடும் தமிழ்நாடும் கைகோக்கும் இவ்வாளையார் வழி போன்ற வழிகளிலே கிணறு என்பது தருமத்தின் அடையாளமாயிருந்தது. அக்கிணறு அருகிலிருப்பவனுக்கே முதலில் நீர் தந்தது.

இன்று வேறொரு கிணறு தோன்றியுள்ளது. அது அருகிலிருப்பவனுக்கு ஒன்றும் தருவதில்லை. தொலைவிலிருப்பவனுக்கே சுடர் தருகின்றது. அருகிலிருப்பவன் பெறுவது ஓசையும் ஒளியும் அச்சமுமே. இவ்விரண்டாவது கிணற்றை எவ்வாறு தோண்டுகின்றனர் என்பதை ஒருவாறு கூறுவோம்.

முதலில் வயல் நடுவே சில ஏக்கரை மேடுபடுத்திச் சரளையிட்டு, உயர்ந்த இரும்புக் கோபுரம் நிறுத்துவர். சுழலும் அலகால் மண்ணையும் பாறையையும் துளைத்துப் பல ஆயிரம் அடி கீழே செல்வர். துளை இடிந்துவிடாதிருக்கவும், கீழிருந்து வாயு பொங்கி எழாதிருக்கவும், கனமான ஒருவகைச் சேற்றை இடைவிடாது உள்ளே செலுத்துவர். நாம் குடிக்கும் நீர் இருக்கும் அடுக்கு மேலே. வாயு இருக்கும் அடுக்கு மிகக் கீழே. ஆகவே துளை நம் குடிநீர் அடுக்கின் ஊடேயே செல்லவேண்டும். இரண்டையும் பிரிப்பது இரும்புக் குழாயும் அதனைச் சுற்றி ஊற்றிய சிமெண்டுமே. அச்சிமெண்டில் விரிசல் நேர்ந்தாலோ, ஆண்டுகள் சென்று இரும்பு அரித்தாலோ, கீழுள்ளது மேலே கசியும் வழி உண்டாகிவிடும்.

வாயுவோடு ஆழத்து உப்புநீரும் வெளிவரும். அது கடல்நீரைப்போலவோ அதனினும் மிகுதியாகவோ கரிப்பது. பென்சீன் முதலிய நஞ்சுகளும், சில பாறைகளில் கதிரியக்கப் பொருளும் கலந்து வருவதுண்டு. அதனை மீண்டும் ஆழத்தில் செலுத்திவிட்டால் தீங்கு குறைவு. வயல்வாய்க்காலில் விட்டுவிட்டால் அந்நிலம் நெல் மறந்துவிடும். மிகுதியான வாயுவை உயர்ந்த குழாயின் நுனியில் எரித்துவிடுவர். அப்போது ஊருக்கு இரவில்லை. பென்சீனை நெடுங்காலம் சுவாசித்தால் இரத்தப் புற்றுநோய் வரும் என்பது மருத்துவ உலகம் ஐயமின்றி ஒப்பியது. நிலக்கரிப் படுகையிலிருந்து வாயு எடுப்பதாயின், படுகையிலுள்ள நீரை முதலில் இறைத்து வெளியேற்றியாக வேண்டும். அருகிலுள்ள கிணறுகளின் நீர்மட்டம் தாழ அது வழிவகுக்கும். பாறையை நீர் அழுத்தத்தால் பிளக்கும் முறையாயின் ஒவ்வொரு கிணறும் இலட்சக்கணக்கான குடம் நீரை விழுங்கும்.

வெளிநாட்டு ஆராய்ச்சிகளும் இவ்வச்சத்துக்கு ஆதாரம் தருகின்றன. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பாறை பிளக்கும் முறையில் வாயு எடுக்கும் கிணறுகளுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள குடிநீர்க் கிணறுகளில், தொலைவிலுள்ளவற்றைவிடச் சராசரியாகப் பதினேழு மடங்கு மீத்தேன் இருந்ததை டியூக் பல்கலைக்கழகத்தார் 2011-இல் வெளியிட்டனர். அதே மாநிலத்தில், அத்தகைய கிணறுகளுக்கு இரண்டு கிலோமீட்டருக்குள் பிறந்து வளர்ந்த சிறு குழந்தைகளுக்கு ஒருவகை இரத்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்கு என்று யேல் பல்கலைக்கழக ஆய்வு 2022-இல் கூறிற்று. அங்குள்ள பாறையும் முறையும் வேறு. நம் நாட்டு நிலை வேறு. ஆகவே அவ்வெண்களை அப்படியே இங்குப் பொருத்துதல் நேர்மையாகாது. ஆயினும், ஆராய்ந்து பார்த்த இடத்தில் அச்சத்துக்குக் காரணம் இருந்தது என்பது நமக்குப் பாடமாகும்.

நேர்ந்த துன்பங்கள்

நம் நாட்டிலேயே நிகழ்ந்தவற்றைக் கேளுங்கள். ஆந்திரத்துக் கோதாவரிக் கழிமுகத்தில் பாசர்லப்பூடி என்னும் ஊரில் 1995 ஜனவரி 8-ஆம் நாள் கிணறு வெடித்துப் பொங்கித் தீப்பற்றியது. அத்தீ 65 நாட்கள் அடங்கவில்லை. அதே பகுதியில் நகரம் என்னும் கிராமத்தில் 2014 ஜூன் 27-ஆம் நாள் விடியற்காலை, கசிந்து பரவியிருந்த குழாய் வாயு தீப்பற்றி இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். தேநீர்க்கடையில் அடுப்பு மூட்டியபோது தீப்பற்றியது என்று அக்காலத்துச் செய்திகள் கூறின. தன் பிழைப்புக்காக விடியற்காலையில் அடுப்பு மூட்டிய ஏழை, காற்றில் என்ன கலந்திருக்கிறது என்பதை எவ்வாறு அறிவான்?

அஸ்ஸாமின் தின்சுகியா மாவட்டத்தில் பாக்ஜான் என்னும் ஊர். 2020 மே 27-ஆம் நாள், ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் ஆழமுள்ள வாயுக்கிணறு கட்டுக்கடங்காமல் பொங்கிற்று. ஜூன் 9-ஆம் நாள் அது தீப்பற்றியது. தீயணைக்கச் சென்ற வீரர் இருவர் உயிர் துறந்தனர். வீடுகள் சாம்பலாயின, ஆயிரக்கணக்கானோர் நிவாரண முகாம்களில் வாழ்ந்தனர், அதுவும் கொள்ளைநோய் பரவிய காலத்தில். அருகே மகுரி–மோட்டாபுங் என்னும் பறவைகள் வாழும் நீர்நிலை. அதற்கப்பால் தேசியப் பூங்கா. நீரின்மேல் எண்ணெய்ப் படலம் படர்ந்தது. ஆற்று ஓங்கில் ஒன்றும் இறந்து மிதந்தது. கிணறு முற்றிலும் அடைக்கப்பட்டது நவம்பர் 15-ஆம் நாள். ஐந்து மாதத்துக்கு மேல் அவ்வூர் வானம் சிவந்தே இருந்தது. அந்த மீனும் பறவையும் எந்த அடுப்பில் சமைத்து உண்டன?

நம் காவிரிப் படுகைக்கு வருவோம். மன்னார்குடிப் பகுதியில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்கும் திட்டத்துக்கு 2010-இல் ஒப்பந்தமாயிற்று. இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் அதனை எதிர்த்து ஊர் ஊராகச் சென்றார். பட்டுக்கோட்டைக்கருகே பிச்சினிக்காட்டில் அப்பணியிலேயே 2013 டிசம்பர் 30-ஆம் நாள் உயிர் நீத்தார். 2017 பிப்ரவரியில் புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் அளித்ததும், ஊரே திரண்டு மரத்தடியில் அமர்ந்தது; மாதக்கணக்கில் அமர்ந்திருந்தது. அதே ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் தஞ்சை மாவட்டத்துக் கதிராமங்கலத்தில், வயலில் புதைத்த எண்ணெய்க் குழாய் கசிந்தது. நிலத்தடி நீர் கெட்டுவிட்டது என்று ஊரார் கூறினர், நிறுவனம் மறுத்தது. 2020 பிப்ரவரியில் தமிழகச் சட்டமன்றம் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் இயற்றிப் புதிய கிணறுகளுக்குத் தடை விதித்தது. முன்னரே தோண்டி நடந்துவந்த கிணறுகளை அச்சட்டம் நிறுத்தவில்லை.

அம்மையாரின் பேத்தி அஞ்சியது இந்த மண்ணில் நின்றுகொண்டேயாகும்.

எரிவது எது?

பகவான் புத்தர் கயாசீர்ஷ மலையில் ஆயிரம் சடாமுடித் துறவிகளுக்கு ஓர் அறவுரை வழங்கினார். அவர்கள் அதுவரை தீயை வணங்கியவர்கள்; காசியப சகோதரர் மூவரின் மாணாக்கர்கள். தீயை அறிந்தவர்களுக்குத் தீயைக் கொண்டே தம்மத்தை உணர்த்தினார். கண்ணும் காதும் நாவும் உடலும் மனமும் தீப்பற்றியிருக்கின்றன என்றும், அத்தீக்கு விறகாவன ஆசையும் வெறுப்பும் மயக்கமும் என்றும் விளக்கினார். வெளித்தீயை அணைக்கத் தெரிந்தவன் உள்தீயை அறியாவிடில் அவன் தீயை அறிந்தவனல்லன் என்பதே அவ்வுரையின் கருத்தாக நாம் கொள்கின்றோம்.

பாக்ஜானில் 2020 நவம்பரில் அணைந்தது வெளித்தீ. உள்தீ அணைந்ததா? மேலும் மேலும் வேண்டும் என்னும் வேட்கை ஆசைத்தீ. எதிர்த்தவனைப் பகைவனாகக் காண்பது வெறுப்புத்தீ. 'எங்கிருந்து வருகிறது என்று நமக்கென்ன?' என்பது மயக்கத்தீ. முதலிரண்டையும் பெரியோர் மேல் ஏற்றிவிட்டு நாம் தப்பலாம். மூன்றாவது தீ நம் வீட்டு அடுப்படியிலேயே எரிகின்றது.

தமிழ்ப் பௌத்தர் பன்னிரு நிதானங்களை எடுத்துரைத்தபோது பேதைமையிலிருந்தே தொடங்கினர். பேதைமை சார்வாகச் செய்கை; செய்கை சார்வாக உணர்வு; அவ்வாறே சென்று நுகர்வும் வேட்கையும் பற்றும் வினைப்பயனும் தோன்றுகின்றன. ஒன்று மற்றொன்றைச் சார்ந்தே எழும். தனித்து நிற்பது யாதொன்றுமில்லை. நம் அடுப்புச் சுடரும் அவ்வாறே. சுடர் குழாயைச் சார்ந்தது. குழாய் கிணற்றைச் சார்ந்தது. கிணறு ஓர் ஊரின் நிலத்தைச் சார்ந்தது. அந்நிலம் அவ்வூராரின் இசைவையோ இசைவின்மையையோ சார்ந்தது.

ஈண்டு ஒருவர், "வாளையார் வழியே செல்வது கப்பலில் வந்த வாயுவாயிற்றே, அதற்கும் தஞ்சாவூருக்கும் என்ன தொடர்பு?" என்று வினவலாம். நல்ல வினா. நம் நாடு பயன்படுத்தும் இயற்கை வாயுவில் ஏறத்தாழப் பாதி வெளிநாட்டிலிருந்து வருவது. மற்றப் பாதி நம் நாட்டுக் கடலிலும் நிலத்திலும் தோண்டியெடுப்பது. வீட்டு அடுப்புக்கும் வண்டிகளுக்கும் வழங்கும் வாயுவுக்கு, உள்நாட்டுக் கிணறுகளின் வாயுவை ஒதுக்குவதில் முன்னுரிமை உண்டு. அங்கே இட்டது இங்கே கணக்கில் எடுக்கப்படும். ஆகவே நம் குழாயில் பாய்வது எக்கடலின் வாயுவாயினும், நம் அடுப்பின் கணக்கு உள்நாட்டுக் கிணறுகளின் ஏட்டிலும் எழுதப்படுகின்றது.

எண்ணமே வினை என்று நாம் அம்மையாரிடம் கூறியது இங்கேதான் குறைவுபடுகின்றது. அறியாமல் மூட்டியவரைக்கும் குற்றமில்லை என்பது சரி. ஆனால் அறியும் வாய்ப்பு வந்தபின் அறியாதிருக்க விரும்புவதும் ஓர் எண்ணமே; ஆகவே அதுவும் ஒரு வினையே. அம்மையார் அறிய விரும்பிக் கேட்டார். நாம் அவரை அறியாமையில் அமர்த்தினோம். அக்குறை நம்முடையது.

மறுப்பும் நடுவழியும்

அங்ஙனமாயின் வாயுவை விலக்கி விறகுக்குத் திரும்ப வேண்டுமோ? வேண்டா. வீட்டினுள் விறகும் வறட்டியும் எரியும் புகையால் உலகில் 2020-ஆம் ஆண்டில்மட்டும் 32 இலட்சம் பேர் அகால மரணமடைந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அவர்களில் பெண்களும் குழந்தைகளும் மிகப் பலர். ஒரு கிராமத்தின் நீருக்காக இன்னொரு கிராமத்துத் தாயின் நுரையீரலைப் பலியிடச் சொல்வது தம்மமாகாது. நாற்பது ஆண்டு புகையில் வெந்த அம்மையார்க்குப் புகையற்ற அடுப்பு கிடைத்தலே நீதி. ஆனால் அச்சுகத்தின் விலையை, கேட்காமலே, வேறொருவர் தலையில் ஏற்றுவது நீதியாகாது.

ரோகிணி ஆற்றங்கரையில் நிகழ்ந்ததை நீங்கள் அறிவீர்கள். கோடையில் ஆறு வற்றியபோது, தண்ணீர் யார் வயலுக்கென்று சாக்கியரும் கோலியரும் படைதிரட்டினர். பகவான் இருதரத்தார்க்கும் இடையே சென்று, நீரின் விலை என்ன, மனிதர் குருதியின் விலை என்ன என்று கேட்டார். ஆயுதம் தாழ்ந்தது. அக்கேள்வியில் ஒரு நுட்பம் உண்டு. விலை கூறவேண்டியவர்களிடமே அவர் விலையைக் கேட்டார். அரண்மனையில் அமர்ந்து அவரே தீர்த்துவிடவில்லை.

இன்று அக்கேள்வி ஊராரிடம் கேட்கப்படுகின்றதா? 2020 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் விதியைத் திருத்தி, எண்ணெய், வாயு இருக்கின்றதா என்று ஆராயத் தோண்டும் கிணறுகளுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் தேவையில்லை என்றாக்கியது. ஆராயத் தோண்டினும் எடுக்கத் தோண்டினும் துளை குடிநீர் அடுக்கின் ஊடேதான் செல்கின்றது. கேட்காமல் தோண்டுதலே முதல் தீங்கு. ஏனைய தீங்குகள் அதன் பின்னே வருகின்றன.

செல்வமிக்க நாடுகளிலும் இதுவே நிலை. நெதர்லாந்தில் குரோனிங்கன் என்னும் வாயுக்களம் 1959-இல் கண்டறியப்பட்டது. பல ஆண்டுகள் வாயு எடுத்ததால் நிலம் அசையத் தொடங்கியது; 2012 ஆகஸ்டில் 3.6 அளவுள்ள நிலநடுக்கம் வந்தது. ஆயிரக்கணக்கான வீடுகளின் சுவர்கள் பிளந்தன. அந்நாட்டு நாடாளுமன்றமே விசாரித்து, குரோனிங்கன் மக்களின் நலன் தொடர்ந்து புறக்கணிக்கப்பட்டது என்று 2023-இல் கூறியது. அதே ஆண்டு அக்டோபர் முதல்நாள் வாயு எடுப்பது நிறுத்தப்பட்டது. அறுபது ஆண்டு அந்நாடு முழுவதும் குளிர்காய்ந்த சுடருக்குச் சுவர் பிளந்தது ஒரு மாகாணத்தாருக்கு.

தொலைவுக்குச் செல்வானேன்? இப்பாலக்காட்டு மாவட்டத்திலேயே, சிற்றூர் வட்டத்துப் பிளாச்சிமடை இருக்கின்றது. குளிர்பானத் தொழிற்சாலை நிலத்தடி நீரை உறிஞ்சியபோது, நீர் கெட்டதென்று முதலில் கூறியவர்கள் எழுதப்படிக்கத் தெரியாத ஆதிவாசிப் பெண்கள். 2002 முதல் அவர்கள் வாயிலில் அமர்ந்தனர். 2004 மார்ச்சில் ஆலை மூடப்பட்டது. 2010-இல் அரசு நியமித்த குழு இழப்பை 216 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. கற்றவர்கள் அளந்து கூறுமுன்னே அப்பெண்கள் நாவினால் அறிந்திருந்தனர். கிணற்றருகே வாழ்பவர் சொல்லை முதலில் கேட்கவேண்டும் என்பதற்கு இதனினும் அண்மைச் சான்று வேண்டுமோ?

செய்யத்தக்கன

பகவான் பிக்குகளுக்கு வகுத்த விநயத்தில், நிலத்தைத் தோண்டலாகாது, உயிர்கள் உள்ள நீரை வடிகட்டாமல் பயன்படுத்தலாகாது, நீரில் எச்சில் உமிழலாகாது என்றெல்லாம் விதிகள் உண்டு. பிக்குவின் எட்டு உடைமைகளுள் நீர் வடிகட்டும் துணியும் ஒன்று. இல்லறத்தார்க்கு இவ்விதிகள் இல்லை. உழவன் மண்ணைத் தோண்டியே ஆகவேண்டும். ஆயினும் அவற்றின் உட்பொருள் இல்லறத்தார்க்கும் உரியது: மண்ணிலும் நீரிலும் கைவைக்குமுன் அங்கே யார் வாழ்கின்றார் என்று பார். அவ்வாறே, உபாசகர் செய்யலாகாத ஐந்து வாணிகங்களுள் நஞ்சு விற்றலும் ஒன்று. நஞ்சைக் குப்பியில் விற்பதுமட்டுமே நஞ்சு வாணிகமன்று; பிறர் குடிநீரில் நஞ்சு கலக்க விட்டுப் பொருளீட்டுவதும் அதுவேயாகும். துளையிடும் பணியில் நம் சமூகத்துப் பிள்ளைகளும் இருக்கின்றனர். அவர்களை வேலையை விடச் சொல்லவில்லை. சிமெண்டு சரியாகப் பிடிக்கவில்லை என்று தெரிந்தும் சரியென்று கையொப்பமிடாதிருத்தல் அவர்களுடைய சீலம்.

ஊரார் கேட்கத்தக்கவை நான்கு. தோண்டுமுன் சுற்றுவட்டாரக் கிணறுகளின் நீரைச் சோதித்து எழுதிவைக்க வேண்டும்; முன்னைய நிலை தெரியாவிடில் பின்னைய கேட்டை மெய்ப்பிக்க இயலாது. கிணறு வீட்டுக்கும் பள்ளிக்கும் நீர்நிலைக்கும் எவ்வளவு தொலைவு என்பது முன்கூட்டியே அறிவிக்கப்பட வேண்டும். கழிவுநீர் எங்கே செல்கிறது என்னும் ஏடு ஊராட்சியில் திறந்திருக்க வேண்டும். கைவிட்ட கிணறு முறையாக அடைக்கப்பட்டதென்று ஊரார் முன் காட்ட வேண்டும். இவற்றை மறுப்பவர்க்கு நிலத்தை மறுக்கும் உரிமை ஊருக்கு வேண்டும்.

வாளையார் மக்களாகிய நமக்கும் கடமைகள் உண்டு. குழாய் செல்லும் வழியில் நட்டுள்ள அடையாளக் கற்களை அகற்றாதீர்கள். அவ்விடத்தில் எந்திரம் கொண்டு தோண்டாதீர்கள். இயற்கை வாயுவுக்குத் தானாக மணமில்லை; வீடுகளுக்கு வழங்கும்போது மணம் சேர்ப்பர். பெருங்குழாயின் வழியில் சீறும் ஓசையோ, ஈரமண்ணில் குமிழியோ, காரணமின்றி வாடிய புல்லோ கண்டால் விலகி நின்று, அடையாளக் கல்லில் எழுதியுள்ள எண்ணுக்கு உடனே தெரிவியுங்கள். வீட்டில் மணம் வந்தால் தீக்குச்சி கிழிக்காதீர்கள், மின்விசையைத் தொடாதீர்கள். திருகை அடைத்து, சன்னலைத் திறந்து, வெளியே சென்று தகவல் கொடுங்கள். உருளையில் வரும் வாயு கனமானது, தரையில் தங்கும். குழாய் வாயு இலேசானது, கூரையை நோக்கி எழும். ஆகவே மேலே காற்றுப்போக்கு இருத்தல் வேண்டும்.

இவற்றினும் மேலானது ஒன்று. சுடரைச் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள். வீணே எரியும் சுடர் வெறும் காசு வீணாவதன்று. எங்கோ ஓர் ஊரின் மண்ணைத் துளைத்து வந்தது வீணாவதாகும். பாத்திரத்தை மூடிச் சமைப்பது சிறு செயல். ஆனால் அறிந்து செய்யும் சிறு செயல் அறியாது செய்யும் பெருந்தானத்தினும் மேலானது. எரிவாயுக் கிணற்றருகே வாழும் ஊரார் கூடிப் பேசும்போது, சுடரைப் பெறும் ஊராராகிய நாமும் அவர்கள் பக்கம் நின்று ஓர் எழுத்து எழுதுவோமாக. பயன்பெறுவோன் வாய் திறந்தால் அதற்குத் தனி எடை உண்டு.

அம்மையீர், நீங்கள் இன்றும் வந்திருக்கின்றீர்கள். சென்ற பூரணையில் கூறிய விடையைத் திருத்திக் கூறுகின்றோம். அடுப்பை மூட்டுங்கள், புகையின்றி வாழுங்கள், அதில் சீலக்குறைவு இல்லை. ஆனால் மூட்டும்போதெல்லாம் உங்கள் பேத்தியின் ஊர்க் கிணற்றை ஒருகணம் நினையுங்கள். அந்நினைவு உங்கள் மனத்தில் இருக்கும்வரை, அக்கிணற்றுக்காகப் பேசவேண்டிய நாளில் நீங்கள் வாளாவிருக்க மாட்டீர்கள். சீலம் காக்கப்படுவது அடுப்பை அணைப்பதினால் அன்று, அந்நினைவு அணையாதிருப்பதினால்.

இன்று நாம் ஈட்டிய புண்ணியத்தைப் பாக்ஜானிலும் நகரத்திலும் மாண்டோர்க்கு உரித்தாக்குவோம். கிணற்றருகே வாழ்வோரும், குழாயருகே வாழ்வோரும், மண்ணுக்குள்ளும் நீருக்குள்ளும் வாழும் பெயரறியா உயிர்களும் அச்சமின்றி உறங்குவார்களாக. தம்மம் ஓங்குக!